எலும்புகள் சொன்ன சாட்சி: குழந்தை வைத்தியர் ஹென்றி கெம்பியின் வாழ்க்கை

1962 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் திகதி, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஐந்து வைத்தியர்கள் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரையின் முதற் பெயர் சி. ஹென்றி கெம்பி. கட்டிலால் விழுந்தது, படியில் உருண்டது என்று சொல்லி வைத்தியசாலைக்குத் தூக்கி வரப்படும் குழந்தைகளில் ஒரு பகுதியினர் எங்கிருந்தும் விழவில்லை, வளர்ப்பவர்களின் கையாலேயே அடிபட்டிருக்கிறார்கள் என்பதுதான் அது சொன்ன விடயம். அடிபட்ட குழந்தையின் நோய்க்குறித் தொகுதி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்.

இன்று இது எல்லோருக்கும் தெரிந்த விடயம் போலத் தோன்றலாம். அன்று அப்படி இருக்கவில்லை. பெற்ற தாயோ தகப்பனோ பச்சைக் குழந்தையின் எலும்பை முறிப்பார்கள் என்பதை ஏற்க வைத்தியர்களின் மனமே இடம் கொடுக்கவில்லை. முறிந்த எலும்பை எக்ஸ்ரே படத்தில் கண்டவர்கள்கூட, பெற்றோர் சொன்ன கதையை எழுதிக்கொண்டு குழந்தையை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

சிறுவர் மீதான வன்முறை பற்றி எழுதப் போகும்போதெல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் கடைசியில் மிஞ்சுவது ஒரு வயது, ஒரு பிரதேச செயலகப் பிரிவு, ஒரு வழக்குத் தவணை. அந்த மூன்றையும் வைத்து ஒரு செய்தி எழுதலாம். அடுத்த வீட்டில் அது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று எழுத முடியாது. அந்தக் கேள்விக்கு வேலை செய்து பார்த்த ஒருவரைத் தேடியபோதுதான் கெம்பியை வாசிக்கத் தொடங்கினேன். அவருடைய வாழ்க்கை நமக்கு அவ்வளவு தூரமானதல்ல என்பது வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது.

ஊரை விட்டு ஓடிய பையன்

கெம்பி 1922 ஏப்ரல் 6 ஆம் திகதி பிரெஸ்லாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ஜேர்மனிக்குச் சொந்தமாக இருந்த அந்த நகரம் இன்று வேறு பெயரோடு போலந்தில் இருக்கிறது. பிறந்த ஊர் வரைபடத்தில் பெயர் மாறி, மொழி மாறி, வேறொரு நாடாகிப்போவது என்றால் என்ன என்பது நம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களின் தொழில், படிப்பு, குடியுரிமை ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. கெம்பி இங்கிலாந்து வழியாக 1939 இல், பதினேழு வயதில், அமெரிக்காவுக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார். கலிபோர்னியாவில் படித்து 1945 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்க இராணுவத்தில் வைரசு ஆய்வாளராகச் சில காலம் பணியாற்றிய பின்னர், யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கேயே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ரூத் என்ற வைத்தியரை 1948 இல் திருமணம் செய்தார். ரூத் பின்னர் உளமருத்துவரானார். சிறுவர் வன்முறை தொடர்பான வேலையில் கடைசி வரை அவரும் சமபங்காளி. தம்பதிக்கு ஐந்து பெண் பிள்ளைகள்.

மெட்ராஸில் ஒரு வைசூரி ஆய்வு

கெம்பி முதலில் பெயரெடுத்தது வைசூரி ஆய்வில். நம் ஊரில் அம்மாள் வருத்தம் என்று பயந்து சொன்ன நோய்களில் கொடியது அது. தடுப்பூசி பெற்றவர்களின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் எதிர்ப்புச் சக்தியை, நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றினால் அவர்களைக் காப்பாற்றலாமா என்று அவர் பார்க்க விரும்பினார். அதற்காக அவர் போன இடங்களில் ஒன்று அன்றைய மெட்ராஸ்.

அங்கிருந்த தமிழ் வைத்தியர்களோடு சேர்ந்து செய்த அந்த ஆய்வின் முடிவு 1961 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியானது. நோயாளியோடு நெருங்கி இருந்தவர்களில் இந்த மருந்து ஏற்றப்பட்ட 326 பேரில் 5 பேருக்கு மட்டுமே வைசூரி வந்தது. ஏற்றப்படாத 379 பேரில் 21 பேருக்கு வந்தது.

இந்த ஆய்வை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தொற்றுநோய் வைத்தியர் கட்டிலில் கிடக்கும் நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை. அவரோடு ஒரே கூரையின் கீழ் யார் யார் இருக்கிறார்கள், அடுத்ததாக யாருக்கு வரும், அதற்கு முன் அந்த வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்பார். பிற்காலத்தில் வீட்டு வன்முறையைக் கெம்பி பார்த்த விதத்திலும் இந்தப் பழக்கம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. வைசூரி அநேகமாக ஒழிந்துபோன அமெரிக்காவில், அந்த நோயால் எவரும் சாகாதபோது தடுப்பூசியின் பக்கவிளைவால் குழந்தைகள் சாகிறார்கள் என்று 1960களின் நடுப்பகுதியில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். எல்லோருக்கும் வழமையாக ஏற்றுவதை நிறுத்தச் சொன்னார். பெரிய எதிர்ப்பு வந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்க அரசும் அதே முடிவுக்கு வந்தது. வீட்டிலோ வைத்தியசாலையிலோ, நல்ல நோக்கத்தோடு செய்வதும் குழந்தைக்குத் தீங்காகலாம் என்பதை ஒத்துக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது.

டென்வர் வைத்தியசாலையில் கண்டது

1956 இல், 34 வயதில், கொலராடோ பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறைக்குத் தலைவராகி டென்வர் நகருக்கு வந்தார். அங்கே மாணவர்களோடு வார்டைச் சுற்றும்போது ஒரே வகையான குழந்தைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டார்கள். மூளைக்கு மேல் இரத்தக் கசிவு. எக்ஸ்ரேயில் ஆறிய முறிவு ஒன்று, ஆறாத முறிவு ஒன்று. பிருஷ்டத்தில் சூடு. குறிப்பேட்டில் மட்டும் புதுப்புது நோய்களின் பெயர்கள். பயிற்சி வைத்தியர்கள் அரிதான எலும்பு நோய், அரிதான இரத்த நோய் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரோ அடித்திருக்கிறார்கள் என்று எவரும் எழுதவில்லை.

முன்னரும் சிலர் கண்டிருந்தார்கள். பிரெஞ்சு சட்ட வைத்தியர் அம்புருவாஸ் தார்தியு 1860 இலேயே துன்புறுத்தப்பட்ட 32 சிறுவர்களின் விபரங்களை வெளியிட்டிருந்தார். அவர்களில் 18 பேர் இறந்தவர்கள். அவருடைய சக வைத்தியர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1946 இல் அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் ஜோன் காஃபி, மூளையில் இரத்தக் கசிவு இருந்த ஆறு குழந்தைகளின் கை கால் எலும்புகளில் 23 முறிவுகளைக் கண்டு எழுதினார். ஆனால் யார் முறித்தார்கள் என்ற இடத்தில் அந்தக் கட்டுரை நின்றுவிட்டது.

கெம்பி அந்த இடத்தைத் தாண்டினார். 1958 இலேயே தன் வைத்தியசாலையில் வைத்தியர், உளமருத்துவர், சமூக சேவையாளர் ஆகியோரைக் கொண்ட சிறுவர் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார். எலும்பைப் படிக்க எக்ஸ்ரே நிபுணர் சில்வர்மனையும், பெற்றோரோடு பேச உளமருத்துவர் பிராண்ட் ஸ்டீலையும் சேர்த்துக்கொண்டார். நாடு முழுவதும் உள்ள வைத்தியசாலைகளிடம் விபரம் கேட்டார். 71 வைத்தியசாலைகள் ஒரே ஆண்டில் 302 சம்பவங்களைச் சொன்னன. 33 குழந்தைகள் இறந்திருந்தார்கள். 85 குழந்தைகளுக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. 77 அரச சட்டத்தரணிகளிடம் கேட்டபோது 447 சம்பவங்கள் வந்தன. அவற்றில் 45 மரணங்கள்.

1961 இல் சிக்காகோவில் நடந்த குழந்தை வைத்தியர்களின் மாநாட்டில் இதை ஒரு தனி அமர்வாக வைத்தார். உடல் துன்புறுத்தல் என்று மிருதுவாகச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே, அடிபட்ட குழந்தை என்ற கரடுமுரடான பெயரைத் தெரிந்தெடுத்தார். அடுத்த ஆண்டு கட்டுரை வந்தது. 1967 அளவில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய காயங்களை வைத்தியர்கள் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது. ஒரு மருத்துவக் கட்டுரை இவ்வளவு வேகமாகச் சட்டமானது அபூர்வம்.

காயத்தைப் படிப்பது

அந்தக் கட்டுரையின் அடிப்படை எளிமையானது. சொல்லப்படும் கதையும் உடலில் இருக்கும் காயமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அன்று தொடங்கிய இந்த முறை பின்னர் வந்த ஆய்வுகளால் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. வைத்தியர்களுக்கு மட்டுமன்றி ஆசிரியர்களுக்கும் அயலவர்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும் அடிபடும். அது இயல்பு. காது, கழுத்து, முதுகு, வயிறு, பிருஷ்டம், தொடையின் உட்பக்கம் ஆகியவை தானாக விழுந்து அடிபடுகிற இடங்கள் அல்ல. இன்னும் தவழாத குழந்தையின் உடலில் கண்டல் இருந்தால் அது எங்கே இருந்தாலும் கவனிக்க வேண்டியது. தடி, வயர், பெல்ட் ஆகியவை தங்கள் வடிவத்தைத் தோலில் விட்டுச் செல்லும். சுடுநீர் தட்டுப்பட்டு ஊற்றினால் தெறித்த அடையாளம் இருக்கும். நீருக்குள் பிடித்து அமுக்கினால் காலுறை போட்டது போல நேர்கோட்டில் தோல் வெந்திருக்கும்.

கேட்கும் ஒவ்வொருவரிடமும் கதை மாறுவது, காயம் பட்டு ஓரிரு நாள் கழித்தே வைத்தியசாலைக்குக் கொண்டுவருவது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு வைத்தியசாலைக்குப் போவது ஆகியவையும் அறிகுறிகள்தான். கைக்குழந்தையைப் பிடித்து உலுக்குவது மிக ஆபத்தானது. வெளியே ஒரு கீறலும் இராது. உள்ளே மூளையிலும் கண்ணுக்குப் பின்னாலும் இரத்தம் கசியும். காரணமில்லாமல் வாந்தி, சோர்வு, வலிப்பு, பால் குடிக்க மறுப்பது என்று இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நடந்ததை மறைக்காமல் சொன்னால்தான் வைத்தியரால் உயிரைக் காப்பாற்ற முடியும்.

அதேநேரம் எந்த ஒரு அடையாளமும் தனியாகத் தீர்ப்பு ஆகாது. எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயும், இரத்தம் உறையாத நோயும் உண்மையாகவே இருக்கின்றன. அதனால்தான் சந்தேகம் வந்தால் பரிசோதனை செய்கிறார்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புகிறார்கள். அயலவர் செய்ய வேண்டியது அறிவிப்பது. தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல.

உடல் சாட்சி சொல்லும் என்பது நம் மக்களுக்குப் புதிய விடயம் இல்லை. தடுப்பில் இருந்து வந்தவர்களின் முதுகிலும் பாதத்திலும் இருந்த தழும்புகளை வைத்தியர்கள் படித்து எழுதிய அறிக்கைகள், வாய் சொல்ல முடியாததைச் சொல்லியிருக்கின்றன. அந்தத் தழும்புகளை நாம் நம்புகிறோம், உலகமும் நம்ப வேண்டும் என்று கேட்கிறோம். அதே நம்பிக்கை நம் வீட்டுப் பிள்ளையின் உடலில் இருக்கும் தழும்புக்கும் உரியது.

அடித்தவர்களோடு பேசியது

கெம்பியின் வேலையில் என்னை அதிகம் பாதித்தது இதற்கு அடுத்த கட்டம். அடித்தவர்களைச் சிறைக்கு அனுப்பினால் விடயம் முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. ஸ்டீலும் சக உளமருத்துவர் ஒருவரும் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக 60 குடும்பங்களோடு பழகினார்கள். அந்த வேலை 1968 இல் கெம்பியும் ரே ஹெல்ஃபரும் தொகுத்த நூலில் வெளிவந்தது. அடித்தவர்களில் மனநோயாளிகள் சிலரே. பெரும்பாலானவர்கள் சாதாரண மனிதர்கள். ஏழைகளும் இருந்தார்கள், வசதியானவர்களும் இருந்தார்கள், படித்தவர்களும் இருந்தார்கள். கைக்குழந்தை தன் வயதுக்கு மீறிப் புரிந்து நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். தங்களுக்குக் கிடைக்காத ஆறுதலைக் குழந்தையிடம் தேடினார்கள். அது அழுதபோது தங்களை வெறுப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் அடிபட்டு வளர்ந்தவர்கள்.

ஒரு வீட்டில் குழந்தை மோசமாக அடிபடுவதற்கு நான்கு விடயங்கள் ஒன்றுசேர வேண்டும் என்று கெம்பியும் ஹெல்ஃபரும் விளக்கினார்கள். வளர்ப்பவரின் சொந்தச் சிறுபராயக் காயம் முதலாவது. ஏதோ ஒரு காரணத்தால் வித்தியாசமானதாக, தொந்தரவானதாகப் பார்க்கப்படும் பிள்ளை இரண்டாவது. வேலை போவது, கடன், சண்டை போன்ற ஒரு நெருக்கடி மூன்றாவது. அந்த நேரத்தில் ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஒருவர்கூட இல்லாத தனிமை நான்காவது.

இந்த நான்கையும் வாசித்தபோது நான் நினைத்தது நமது மீள்குடியேற்றக் கிராமங்களை. கணவர் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு வீட்டுத்திட்ட வீட்டில் இருக்கும் பெண். கிழமைக்கொரு முறை நுண்கடன் வசூலிக்க வாசலில் வந்து நிற்பவர். காணாமல் ஆக்கப்பட்ட மூத்த மகனின் படத்துக்குக் கீழே இருந்து படிக்க மறுக்கும் இளையவன். பழைய ஊரில் சத்தம் கேட்டால் ஓடிவர மாமி இருந்தார், பெரியம்மா இருந்தார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இப்போது பக்கத்துக் காணியில் இருப்பவரை அவளுக்குத் தெரியாது. முகாமில் கண் முன்னே எல்லாம் இழந்த தகப்பன், சாயந்தரம் குடித்துவிட்டு வருகிறார். இது எந்த ஒரு வீட்டின் கதையும் இல்லை. நான் போன பல வீடுகளில் கண்டவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

இதை ஆய்வும் உறுதிப்படுத்தியிருக்கிறது. வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், 82.4 வீதமானோர் போரின் கொடுமை ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். வீட்டு வன்முறையின் ஏதோ ஒரு வடிவத்தை அனுபவித்தவர்கள் 95.6 வீதம். போரை அதிகம் கண்ட பிள்ளைகளும் தகப்பன் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகளும் வீட்டில் கூடுதலாகத் துன்பப்பட்டதாக அந்த ஆய்வு சொன்னது. ஷெல் விழுவது நின்ற பிறகும் அதன் அதிர்வு வீட்டுக்குள் வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் அடிபட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் அடிப்பவர்களாகிவிடுவதில்லை. பெரும்பாலானவர்கள் ஆவதில்லை. போரைக் கண்ட தாய் தகப்பன்மாரில் எத்தனையோ பேர் தாங்கள் பட்டது பிள்ளை படக்கூடாது என்று கையை அடக்கி வாழ்கிறார்கள். நடந்தவற்றுக்குக் காரணம் தேடுவது அடித்ததை நியாயப்படுத்துவதற்காக இல்லை. எந்த இடத்தில் தடுக்கலாம் என்று அறிவதற்காக.

அடி விழும் முன்னர் போவது

சட்டம் வந்ததும் அமெரிக்காவில் முறைப்பாடுகள் குவிந்தன. அறிவிப்பது இலகுவாகியது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு உதவ ஆட்களும் பணமும் அதே வேகத்தில் வரவில்லை. வறிய குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் அதிகம் கண்காணிக்கப்பட்டன, பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள் என்ற விமர்சனம் இன்றும் தொடர்கிறது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு.

கெம்பி தன் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சட்டம் தொடாத அந்தப் பக்கத்தில்தான் செலவிட்டார். 1972 இல் டென்வரில் சிறுவர் துஷ்பிரயோகத்தைத் தடுப்பதற்கும் சிகிச்சையளிப்பதற்குமான தேசிய நிலையத்தைத் தொடக்கினார். தாங்க முடியாத நேரத்தில் தாய் தன் குழந்தையைச் சில மணிநேரம் விட்டுச்செல்லக் கூடிய பராமரிப்பு இடம் அங்கே இருந்தது. பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள சாதாரண மனிதர்கள், அடித்த பெற்றோரின் வீட்டுக்கு வாரந்தோறும் போய் நண்பர்களாக இருந்து பேசினார்கள். பிள்ளையை எப்படித் தொட்டுத் தூக்குவது என்று தங்களுக்கே யாரும் காட்டாதவர்களுக்கு அது ஒரு சிகிச்சையாக இருந்தது.

பிள்ளை பிறக்கும்போதே உதவி தேவைப்படும் தாய்மாரை இனங்காண முடியுமா என்றும் அவருடைய குழு பார்த்தது. 1977 இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்ட 100 தாய்மாரில் பாதிப்பேருக்கு வைத்தியரின் தொடர் கவனிப்பும் வீட்டுக்கு வரும் ஒருவரின் துணையும் கிடைத்தன. மற்றப் பாதிக்கு வழமையான சேவை மட்டும். துணை கிடைக்காத 50 வீடுகளில் ஐந்து குழந்தைகள் பாரதூரமான காயங்களோடு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். துணை கிடைத்த வீடுகளில் அப்படி ஒருவரும் இல்லை. சிறிய ஆய்வுதான். பின்னர் வந்த எல்லா வீட்டுத் தரிசிப்புத் திட்டங்களும் இதே வெற்றியைத் தரவுமில்லை. ஆனாலும் நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் தாதியர்கள் வீடு வீடாகப் போன திட்டம், 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் சிறுவர் துன்புறுத்தல் முறைப்பாடுகளைக் குறைத்திருந்தது.

ஒவ்வொரு குழந்தை பிறந்த வீட்டுக்கும் ஒரு சுகாதாரப் பணியாளர் போக வேண்டும், அதை எந்தச் சந்தேகத்தின் பேரிலும் இல்லாமல் எல்லோருக்குமான உரிமையாகச் செய்ய வேண்டும் என்று கெம்பி அமெரிக்காவிடம் கேட்டார். அவர் உதாரணமாகக் காட்டியது ஐரோப்பிய நாடுகளை. நமது நாட்டிலும் அந்த ஏற்பாடு ஏற்கனவே இருந்தது. ஊரில் மிட்வைஃப் அம்மா என்று நாம் அழைக்கும் குடும்ப நல உத்தியோகத்தர் பல தசாப்தங்களாகக் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீட்டில் வந்து பார்க்கிறார். எந்த வீட்டுக் கதவும் அவருக்கு மூடுவதில்லை. நிறையையும் தடுப்பூசியையும் கேட்பதோடு, நீ எப்படி இருக்கிறாய் பிள்ளை, இரவில் நித்திரை வருகிறதா, யார் உனக்குத் துணை என்று கேட்க அவருக்கு நேரமும் பயிற்சியும் இருந்தால், பொலிஸும் நீதிமன்றமும் பின்னர் செய்ய முடியாத ஒன்றை அவர் முன்கூட்டியே செய்துவிடுவார்.

1976 இல் சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு ஜெனீவாவில் கூடியதிலும், அதற்கான சர்வதேச சங்கமும் சஞ்சிகையும் உருவானதிலும் கெம்பியின் கை இருந்தது. சிறுவர் மீதான பாலியல் துன்புறுத்தல் இதைவிட ஆழமாக மறைக்கப்பட்ட பிரச்சினை என்று 1970களின் இறுதியில் குழந்தை வைத்தியர்களிடம் பேசினார். 1984 மார்ச் மாதம் ஹவாய்த் தீவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 61. டென்வரில் அவர் தொடக்கிய நிலையம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

நமது வீட்டில்

அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பூவரசந் தடியும் அகப்பைக் காம்பும் இல்லாத வீட்டில் நம்மில் பலர் வளரவில்லை. அடிபட்டதால்தான் முன்னேறினோம் என்று மேடையில் சொல்வோரும் உண்டு. கெம்பி பார்த்த பெற்றோர் பலரும் அதையேதான் நம்பினார்கள். கொல்ல வேண்டும் என்று அவர்கள் அடிக்கவில்லை. திருத்த வேண்டும் என்று தொடங்கிய அடி, கோபமும் களைப்பும் சேர்ந்த ஒரு நாளில் எல்லை மீறியது.

இலங்கைச் சட்டம் இதில் மௌனமாக இல்லை. தண்டனைச் சட்டக் கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, சிறுவரைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை சொல்கிறது. ஆசிரியர் காதில் அறைந்ததால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அவனது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது.

சந்தேகம் வந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். நீ செய்தது பிழை இல்லை என்று சொல்லுங்கள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் உதவ வேண்டுமானால் உரிய இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம். அடிபட்ட பிள்ளையின் படத்தையோ காணொளியையோ முகநூலில் போட வேண்டாம். அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே பாடசாலைக்குத்தான் போக வேண்டும்.

அடித்துவிடுவேனோ என்று பயப்படும் தாய் தகப்பனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை, கை நடுங்குகிறது என்றால், அதைப் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் முற்றத்துக்குப் போங்கள். முகத்தைக் கழுவுங்கள். யாருக்காவது தொலைபேசி எடுங்கள். குழந்தை அந்த ஐந்து நிமிடம் அழுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போவது பைத்தியக்காரர் என்ற பட்டம் வாங்குவதற்கு இல்லை, போரில் பட்ட காயத்துக்கு மருந்து போடுவதற்கு.

அடுத்த வளவில் இருப்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது. இரவில் சத்தம் கேட்டால் மறுநாள் காலையில் ஒரு கிண்ணம் கறியோடு படலையைத் திறந்து போய், பிள்ளையை ஒரு மணிநேரம் நான் பார்க்கிறேன், நீ போய்க் குளித்துவிட்டு வா என்று சொல்வது அந்த வேலையின் தொடக்கம். பிள்ளையின் உடலில் காயத்தைக் கண்டால் அதோடு நிற்காமல் 1929 க்கு அழைக்க வேண்டும்.